சுருட்டி வைக்கச் சொன்ன கொடி

கொடியேற்றம் என்றதும் நம் நினைவில் எழுவது திருவிழாவே. மந்திரித்த கொடி மரத்தின் உச்சிக்கு ஏறும்போது கூடி நிற்போர் அனைவரும் அண்ணாந்து பார்த்துக் கைகூப்புகின்றனர். எல்லாரும் ஒரே பொருளைக் காண்பதால் அங்கு வழக்கு எதுவும் எழுவதில்லை. ஆனால், ஒரே கொடியின் கீழ் நிற்கும் இருவரில் ஒருவர் தம் முன்னோரின் கல்லறையையும், மற்றவர் தம் முன்னோரின் கால்விலங்கையும் காண்பாரானால், அக்கொடிக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் இக்கேள்வி நெடுங்காலமாக எழுந்தவண்ணம் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டரசுப் படைகள் ஏந்திய போர்க்கொடியைப் பற்றியது அவ்வழக்கு. சிவப்பு நிலம், அதில் மூலைக்கு மூலை குறுக்காக ஓடும், வெள்ளைக் கரையிட்ட நீலச் சிலுவை, சிலுவையின்மேல் 13 வெள்ளை விண்மீன்கள். ‘இது எங்கள் மரபு’ என்பர் ஒரு சாரார். ‘இது எங்கள்மீது கொண்ட பகை’ என்பர் மறு சாரார்.

கடல் கடந்த இவ்வழக்கில் நமக்கென்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். அக்கொடியைப் பற்றி எழுந்த கவிதைகளுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றைப் பாடியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அதே கொடியைப் பெயர் சொல்லிக் கண்டிக்கலாமா என்ற கேள்வி 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆயர் பேரவையின் முன்னும் வந்தது. ஆகவே இது நம் வீட்டு வழக்கும் ஆகிறது.

குருவானவரின் கவிதை

அருள்தந்தை ஏப்ரம் ஜோசப் ரையன் 1838இல் மேரிலாந்து மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தம்பி தென்படையில் சேர்ந்து 1863இல் போர்க்களத்தில் மாண்டார். 1865இல் தெற்கு சரணடைந்த சில வாரங்களில் ரையன் எழுதிய ‘வெல்லப்பட்ட கொடி’ என்னும் கவிதை நியூயார்க்கின் கத்தோலிக்க வார இதழொன்றில் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகத் தெற்கின் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தனர். ‘தெற்கின் குருக்கவிஞர்’ என்னும் பட்டமும் ரையனுக்கு நிலைத்தது.

அக்கவிதையைப் படிப்போருக்கு முதலில் வியப்பே உண்டாகும். வீரம் பேசும் பாடலை எதிர்பார்த்துச் செல்கிறோம்; அங்கே கேட்பதோ இழவு வீட்டின் குரல். ஏந்துவதற்குக் கைகள் இல்லாமற் போன கொடியை இனிப் பறக்கவிட வேண்டாம், சுருட்டி மடித்து வையுங்கள் என்பதே அக்கவிதையின் முழுப்பொருளும். பழிவாங்கும் எண்ணம் அதில் இல்லை. மீண்டும் எழுவோம் என்ற சூளுரையும் இல்லை. இறந்தவரின் கண்களை மூடிவிடுவது போன்ற மென்மையோடு அக்கொடிக்கு அவர் விடைகொடுக்கிறார். தம்பியைப் பறிகொடுத்த அண்ணனின் துயரம் அதில் உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனம் வரவில்லை.

எனினும், கவிதையில் உள்ளதைப் போற்றும் திறனாய்வு அதில் இல்லாததையும் கேட்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். அவர்களைப் பற்றி இக்கவிதையில் ஒரு சொல் கூட இல்லை. கொடி வீழ்ந்த நாளில் அழுதவர்களைக் கவிஞர் காண்கிறார். அதே நாளில், தம் பிள்ளைகளை இனி எவரும் ஏலத்தில் விற்க இயலாது என்று அறிந்து மண்டியிட்டு நன்றி சொன்ன தாய்மார்கள் அவர் கண்ணில் படவில்லை. பாதி ஊரின் கண்ணீரை மட்டும் அறிந்த ஒப்பாரி அது.

தாம் சொன்ன அறிவுரையைக் கவிஞரே கடைப்பிடித்தாரா என்றால் அதுவும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1868இல், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் அவர் ஒரு வார இதழைத் தொடங்கினார். தோற்றுப்போன தெற்கின் கட்சிக்கு வாதாடிய அவ்விதழுக்கு அவர் சூட்டிய பெயர் ‘தெற்கின் கொடி’. கவிதையில் சுருட்டிய கொடியை இதழின் முகப்பில் அவரே விரித்துவிட்டார். பின்னர் 1878இல் மஞ்சள் காய்ச்சல் தெற்கை வாட்டியபோது வட மாநிலத்தார் அள்ளிக் கொடுத்த உதவி அவர் மனத்தை இளக்கிற்று. நாடு மீண்டும் ஒன்றானதைப் பாடினார். அவருடைய தடுமாற்றத்தை ஏளனம் செய்ய நாம் இதைச் சொல்லவில்லை. துயரத்தைச் சுமப்பதற்கும் துயரத்தையே கொடியாக ஏற்றுவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

கொடியின் பிறப்பு

‘கொடி போர்வீரர்களின் நினைவைத்தான் குறிக்கிறது; அடிமை முறையை அன்று’ என்பது கொடியை ஆதரிப்போரின் முதன்மையான வாதம். போரில் மடிந்த தென்வீரர் பலர் அடிமைகள் எவரும் இல்லாத ஏழைக் குடியானவர்கள் என்பது உண்மை. இரு தரப்பிலுமாக ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்ட போர் அது. தன் கொள்ளுப்பாட்டனின் கல்லறையருகே நின்று கண்கலங்கும் ஒருவரிடம், ‘நீ பகையை வளர்க்கிறாய்’ என்று எடுத்த எடுப்பில் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் வீரனின் மனத்தில் இருந்தது வேறு, அவனைக் களத்திற்கு அனுப்பிய அரசு அறிவித்தது வேறு. கூட்டரசின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் மாதத்தில் சவானா நகரில் பேசியபோது, வெள்ளையருக்குக் கறுப்பினத்தார் நிகரல்லர் என்பதும், அடிமைநிலையே அவர்களுக்கு இயல்பானது என்பதுமே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகக் கூறினார். மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினை அறிக்கையிலேயே அடிமை முறையோடு தன்னை முழுமையாகப் பிணைத்துக்கொண்டது. 1863இல், வெண்ணிறத் துணியின் மூலையில் இப்போர்க்கொடியைப் பொறித்த புதிய தேசியக் கொடி உருவானபோது, அதை முன்மொழிந்து எழுதிய சவானா இதழாசிரியர், வெள்ளையரின் மேலாண்மைக்கு அது தக்க அடையாளம் என்று பெருமை பேசினார். இவை பகைவர் கற்பித்த பொருள்கள் அல்ல. கொடிக்கு உரியவர்களே கொடுத்த பொருள்கள்.

கொடி பிறந்த கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. இதை வடிவமைத்தவர் தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் போர்ச்சர் மைல்ஸ். அவர் முதலில் எண்ணியது நேராக நிற்கும் சிலுவையை. தெற்கில் வாழ்ந்த யூதர் ஒருவர், ஒரு சமயத்தின் சின்னத்தை நாடு முழுவதற்கும் பொதுவான சின்னமாக்க வேண்டாம் என்று அவருக்கு எழுதினார். மைல்ஸ் அதற்குச் செவிசாய்த்துச் சிலுவையைச் சாய்த்து வரைந்தார். அக்கொடியில் இன்று நாம் காணும் குறுக்குச் சிலுவைக்கு இதுவும் ஒரு காரணம். கொடி எதைக் குறிக்கிறது என்பதை ஏற்றுபவர் மட்டும் தீர்மானிக்க இயலாது, பார்ப்பவரின் உள்ளத்தையும் எண்ண வேண்டும் என்பதை அதை வரைந்தவரே ஒப்புக்கொண்டார் என்றல்லவா இதற்குப் பொருள்? ஒரு யூதரின் மனம் நோகாதிருக்கச் சிலுவையைச் சாய்த்தவருக்கு, 40 லட்சம் அடிமைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதைக் கூடத் தென் மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தன. அவர்கள் எப்படிக் கடிதம் எழுதுவார்கள்?

மீண்டும் ஏறிய கொடி

போர் முடிந்தபின் இக்கொடி பெரும்பாலும் கல்லறைகளிலும் முதிய வீரர்களின் கூட்டங்களிலும் காணப்பட்டது. அதை அரசியல் மேடைக்குப் புதிதாக ஏற்றியது இருபதாம் நூற்றாண்டின் சினம். 1948இல், கறுப்பின மக்களுக்கு உரிமைகள் அளிப்பதை எதிர்த்துத் தென்பகுதி அரசியலார் தனிக்கட்சி கண்டு, ஸ்ட்ராம் தர்மண்டைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினர். அவர்களுடைய கூட்டங்களில் இக்கொடி அசைந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் இதைச் சேர்த்துக்கொண்டது. போரின் நூற்றாண்டை ஒட்டி 1961இல் தென் கரோலினாவின் சட்டமன்றக் கோபுரத்தில் ஏறிய கொடி, நூற்றாண்டு விழா முடிந்த பின்னும் இறங்கவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் அது கோபுரத்திலிருந்து இறங்கி, அதே வளாகத்தில் உள்ள வீரர் நினைவுத்தூண் அருகே இடம் பெற்றது.

‘மரபு’ என்ற சொல்லை இக்காலக் கணக்கோடு வைத்துப் படிக்கும்போது ஐயம் எழாமல் இருக்குமா? சமத்துவம் வாயிலில் வந்து நின்ற ஆண்டுகளில்தான் மரபின் நினைவு அவர்களுக்கு அரசு மாளிகையின் உச்சி வரை பொங்கி எழுந்திருக்கிறது.

சார்ல்ஸ்டன் நகரின் ஒன்பது பேர்

2015 ஜூன் 17, புதன்கிழமை மாலை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் பழமை வாய்ந்த இம்மானுவேல் ஆலயத்தில் சிறு குழுவொன்று விவிலிய வகுப்புக்குக் கூடியிருந்தது. முன்பின் அறியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான். அவர்கள் இடம் கொடுத்து அமரச் செய்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடனிருந்தபின், கண்மூடிச் செபித்துக்கொண்டிருந்தவர்களை அவன் சுட்டான். சபையின் போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி உட்பட ஒன்பது பேர் மாண்டனர். கொலையாளி இக்கொடியோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள் பின்னர் வெளிவந்தன.

தலைநகர் கொலம்பியாவில் நாட்டுக்கொடியும் மாநிலக்கொடியும் துக்கம் காட்ட அரைக்கம்பத்திற்கு இறங்கின. போர்க்கொடி மட்டும் முழு உயரத்தில் பறந்தது. சட்டமன்றத்தின் இசைவின்றி அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். ஜூன் 24 அன்று குதிரை வண்டியில் வந்த பிங்க்னியின் உடல் அக்கொடியைக் கடந்தே சட்டமன்ற மாளிகைக்குள் சென்றது. உள்ளே அஞ்சலி செலுத்த வருவோர் கண்ணில் கொடி படாதிருக்க, ஒரு சன்னலைக் கருந்துணியால் மூடினர்.

அந்தக் கருந்துணியைப் பற்றி நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். ஒரு கொடியின் பொருள் பற்றி நூல்கள் பல எழுதலாம், கருத்தரங்குகள் நடத்தலாம். ஆனால் சாவு வீட்டில் எதை மறைக்க வேண்டும் என்பதை அங்கிருந்தோர் எவரும் சொல்லாமலே அறிந்திருந்தனர்.

அதற்குமுன் ஜூன் 19 அன்று, இறந்தவர்களின் உறவினர் சிலர் நீதிமன்றத்தில் கொலையாளியை நோக்கி, உன்னை மன்னிக்கிறோம் என்று சொல்லியிருந்தனர். அம்மன்னிப்பு, கொடியைப் பற்றிய வாதத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகளான ஆளுநர் நிக்கி ஹேலி கொடியை அகற்றக் கோரினார். 1948இல் அக்கொடியின் கீழ் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் மகன் பால் தர்மண்ட், மேலவை உறுப்பினராக எழுந்து, அதை இறக்க வேண்டும் என்று பேசினார். மரபு என்பது தந்தையின் தவற்றையும் சேர்த்துக் காப்பது அன்று என்பதை அம்மகனைவிடத் தெளிவாக யார் காட்ட இயலும்?

நம் திருச்சபையின் பங்கு

பிறரைப் பற்றிப் பேசும் முன் நம் கணக்கையும் பார்க்க வேண்டும். ரையன் பிறந்த அதே 1838இல், அதே மேரிலாந்தில், இயேசு சபையார் தம் பண்ணைகளில் இருந்த 272 அடிமைகளை விற்றனர். 1839இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்தபோது, அக்கண்டனம் வாணிகத்திற்கே அன்றி வீட்டு அடிமை முறைக்கு அன்று என்று சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து மடல்கள் எழுதினார். அவருக்குப் பின்வந்த ஆயர்களுள் ஒருவரான பேட்ரிக் லிஞ்ச் தாமே அடிமைகளை வைத்திருந்தவர். 1864இல் கூட்டரசின் தூதராக உரோமைக்கும் சென்றார். அடிமை ஒழிப்புக்குக் குரல் கொடுத்த சின்சினாட்டிப் பேராயர் பர்செல் போன்றோரும் இருந்தனர்; ஆனால் அவர்கள் சிலரே.

இந்தப் பின்னணியில்தான் 2018 நவம்பரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்நாட்டு ஆயர் பேரவை இனவெறிக்கு எதிராக ஒரு மேய்ப்புப் பணி மடலை ஏற்றுக்கொண்டது. தூக்குக் கயிற்றையும் நாசிகளின் சுவஸ்திகாவையும் வெறுப்பின் சின்னங்களாக அம்மடல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றோடு இப்போர்க்கொடியையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தம் மட்டும் ஏற்கப்படவில்லை. பலருக்கு அது வெறுப்பின் அடையாளமாயினும், சிலர் இன்னும் அதைத் தம் மரபின் அடையாளமாகக் கொள்கின்றனர் என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

மடலின் நல்ல நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. தம் மந்தையின் எப்பகுதியையும் இழக்க விரும்பாத மேய்ப்பரின் கவலை அதில் தெரிகிறது. ஆயினும் அக்காரணம் நமக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கு மறுமொழியைப் புனித பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தந்திருக்கிறார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது அன்றைய வழக்கு. சிலை என்பது ஒன்றுமில்லை என்று அறிந்தவர்கள் உண்பதில் தவறு காணவில்லை. அவர்கள் அறிவு சரியே என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தம் உணவு உடன்பிறந்தவனுக்கு இடறலாகுமானால் தாம் இறைச்சியையே விட்டுவிடுவதாக உறுதி கூறுகிறார். என் மனத்தில் தீங்கில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. எதிரில் நிற்பவனுக்கு அது என்னவாகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார். பவுல் பேசியது மனச்சான்று வலுவற்றவர்களைப் பற்றி. இங்கோ நோவு கொள்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். வரலாற்றை உடலிலேயே சுமந்தவர்கள். எனவே பவுலின் வாதம் இங்கு இன்னும் வலுப்பெறுகிறது.

ஒரு மறுப்பையும் நாம் எதிர்கொள்ள வேண்டும். நோகிறது என்று எவர் சொன்னாலும் சின்னங்களை இறக்கிவிட வேண்டுமா? நிறவெறிக் கும்பல்கள் சிலுவையைக் கொளுத்தி மக்களை அச்சுறுத்தினவே; அதனால் சிலுவையையும் இறக்கலாமா? வலுவான கேள்வி இது. ஆனால் சிலுவையின் கதையே இதற்கு விடை. சிலுவை உரோமைப் பேரரசின் கொலைக்கருவி. அது மீட்பின் சின்னமானது எப்படி? ‘எங்கள் மரபு’ என்று உரோமைப் படைவீரர்கள் உரிமை கொண்டாடியதால் அன்று. அதில் அறையுண்டவரும், அவருக்காகத் துன்புற்றவர்களும் அதைத் தமதாக்கிக்கொண்டதால்தான். ஒரு சின்னத்தின் கீழ் துன்பப்பட்டவர்களுக்கே அதன் பொருளை மாற்றி வழங்கும் உரிமை உண்டு. துன்புறுத்தியவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொள்ள இயலாது. இப்போர்க்கொடியைக் கறுப்பின மக்கள் தமதாக்கி நமக்குத் திருப்பித் தந்ததில்லை.

இதனால் அக்கொடியை எரிக்க வேண்டும், வரலாற்றிலிருந்து அழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் அது கல்வி. கல்லறையில் அது துயரம். எல்லாருடைய வரியிலும் எழுந்த அரசு மாளிகையின் முன் அது ஆட்சி. இடம் மாறும்போது பொருளும் மாறுகிறது. இந்த வேறுபாட்டை மிசிசிப்பி மாநிலமும் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்தது. 1894 முதல் தன் கொடியில் பொறித்திருந்த இச்சின்னத்தை 2001 வாக்கெடுப்பில் காத்துக்கொண்ட அம்மாநிலம், 2020இல் அதைக் கைவிட்டு, மக்னோலியா மலர் பொறித்த புதிய கொடியை வாக்களித்து ஏற்றது.

தென் கரோலினாவில் 2015 ஜூலை 10 அன்று காலை கொடி இறங்கியது. மாநிலக் காவலர்கள் அதை இறக்கி, சுருட்டி, கட்டினர். கறுப்பினக் காவலர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, மாளிகைப் படிகள் வரை மரியாதையோடு சுமந்து சென்று, அருங்காட்சியகத்தில் சேர்ப்பதற்காக ஒப்படைத்தார்.

அருள்தந்தை ரையன் தம் கவிதையில் கேட்டதும் இதைத்தான். அவர் கேட்டது 1865இல், நிறைவேறியது 2015இல். நடுவில் 150 ஆண்டுகள். கொடியை உளமார நேசித்தவரின் சொல்லை, அதை நேசிப்பதாகச் சொன்னவர்களே கேட்கவில்லை. அவர் கவிதையில் இடம்பெறாத மக்களின் மகன் ஒருவன் கடைசியில் அதைத் தன் இரு கைகளில் ஏந்திச் சென்று அவருடைய விருப்பத்தை நிறைவேற்றினான். கவிதை விட்டுவைத்த இடம் அன்று நிரம்பியது என்றே நாம் எண்ணுகிறோம்.

இறந்தோரை நினைப்பது இரக்கச் செயல். அதைத் திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும் நம் இறந்தோருக்காக நாம் ஏற்றும் எதுவும், பிறருடைய இறந்தோரின்மேல் நிழலாக விழுகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதும் அதே இரக்கத்தின் பகுதியாகும்.